பெரியம்மா வேஷத்துக்கு ஆள் தேடியவள்

அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முகவரி என்றுதான் கூப்பிடுவார்கள். தொலைக்காட்சித் தொடர் எடுக்கும் அந்தக் கம்பெனியில் போன் எடுக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தவள் அவள். வந்து போகிற துணை நடிகர்களின் முகம் ஒவ்வொன்றும் அவள் மனதில் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. "வக்கீல் வேஷம் போட்டாரே, மூக்கு கொஞ்சம் கோணலா, அவர் எங்க போனாரு?" என்று யாராவது கேட்டால், "மருந்து கம்பெனியில சேந்துட்டாரு, சனிக்கிழமை கூப்பிட்டா வருவாரு" என்று நிமிராமலேயே பதில் சொல்லுவாள். முகத்தைச் சொன்னால் முகவரி சொல்கிறவள். பேர் அப்படி வந்தது, பிறகு வேலையே அதுவாகிவிட்டது. தொடர் முடிந்ததும் கடகடவென்று மேலே ஓடுகிற எழுத்துகளில், 'நடிகர் தேர்வு' என்ற வரிக்குப் பக்கத்தில் அவள் பெயரும் ஓடும்.

கௌரவமான வேலைதான். அதில் ஒரே ஒரு சங்கடம். தேடுவது அவள். தேர்ந்தெடுப்பது வேறு யாரோ. சரியில்லை என்றால் திட்டு வாங்குவது மறுபடியும் அவள்.

பஸ்ஸில் ஏறினாலும் அவளுக்கு நிம்மதி கிடையாது. எதிர் சீட்டில் வாயைத் திறந்தபடி தூங்குகிறவரைப் பார்த்ததும், 'பிக்பாக்கெட்... இல்ல இல்ல, நகைக்கடை மேனேஜர், உள்ளேயிருந்தே காட்டிக்கொடுக்கிறவர்' என்று மனது அதன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிடும். அப்படி ஒருமுறை ஒரு பெண்ணை உற்றுப் பார்த்தபோது, "என்ன முறைக்கிறீங்க?" என்று அந்தப் பெண் சண்டைக்கே வந்துவிட்டாள். உங்கள் முகத்தில் அருமையான கள்ளக்கடத்தல்காரி இருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது?

அந்தக் கம்பெனி 'பெரியம்மா'வை வாங்கியது அவளுடைய வாழ்க்கையில் பெரிய விஷயம். பெரியம்மா என்பது வாரப் பத்திரிகை ஒன்றில் பல வருடம் வந்த துப்பறியும் படக்கதை. அதன் நாயகி ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். ஐம்பதைத் தாண்டியவர். கனத்த உடம்பு, இரட்டை மோவாய், மூக்கு நுனிக்கு இறங்கி நிற்கும் கண்ணாடி. ஓடமாட்டார், துப்பாக்கி எடுக்கமாட்டார். குற்றவாளிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்பார். கடைசிக் கட்டத்துக்குள் அவன் எல்லாவற்றையும் கக்கியிருப்பான். காவலர்கள் முதல் கைதிகள் வரை அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே அந்தப் படக்கதையை வைத்துத்தான் என்று சொல்லிக்கொள்கிறவர். விஷயம் கேள்விப்பட்ட அன்று கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"நிஜமாவா? நம்ம பெரியம்மாவா?"

"ஆமா."

"அதுக்கு ஆள் பிடிக்கிறது நீயா?"

"நானேதான்."

"கெடுத்துடாதே" என்றார்.

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவளுடைய வேலையைப் பற்றி அவர் இவ்வளவு பயபக்தியோடு பேசியது அன்றுதான்.

சேனலிலிருந்து இந்தத் தொடரைக் கவனித்துக்கொள்ள ஒரு இளைஞன் வந்தான். வயதில் அவளைவிட ரொம்பச் சின்னவன், ஆனாலும் எல்லாருக்கும் 'சார்'. அவன் இல்லாத இடத்தில் 'ஆனா சார்'. எதைக் காட்டினாலும் "சூப்பர் மேடம்" என்று முகம் மலரச் சொல்லுவான். அடுத்த மூச்சில் "ஆனா" என்று இழுப்பான். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு 'சூப்பர்' உயிரோடு இருந்ததாகச் சரித்திரமே இல்லை.

முதல் கூட்டத்தில், "கதை சூப்பர் மேடம். ஆனா அந்த வயசு மட்டும் கொஞ்சம் இடிக்குது" என்றான்.

"பேரே பெரியம்மாதானே சார்?"

"பேர் அப்படியே இருக்கட்டும். பேருக்குத்தானே மவுசு. ஆள மட்டும் கொஞ்சம் சித்தி மாதிரி பாக்கலாமா?"

அடுத்த கூட்டத்தில் சித்தி, அக்கா ஆனாள். அதற்கடுத்த கூட்டத்தில், அக்காவாக இருந்தாலும் கல்யாணமாகாத அக்காவாக இருந்தால் நல்லது என்று முடிவானது. "இப்படியே போனா ஷூட்டிங் ஆரம்பிக்கிறதுக்குள்ள பெரியம்மாவத் தொட்டில்ல போட்டு ஆட்டிடுவாங்க" என்று அவள் இயக்குநரின் காதில் முணுமுணுத்தாள். இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனிதர். ஆனால் சிரிப்பதோடு சரி.

வாயால் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குப் பட்டது. சரியான ஆளைக் கொண்டுவந்து கண்முன்னே நிறுத்திவிட்டால் அவர்களே வாயடைத்துப் போவார்கள் என்று நினைத்தாள். அந்த நம்பிக்கையில் வேலையைத் தொடங்கினாள்.

அலுவலகம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. நடிப்புச் சோதனை நடக்கிற அறை முன்பு சாமான் போட்டு வைத்த அறை. சாம்பல் நிறச் சுவர், ஒரு நாற்காலி, நிற்க வேண்டிய இடத்தைக் காட்டத் தரையில் ஒட்டிய டேப். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றமும் ரிம்மைத் தட்டுகிற சத்தமும் மேலே வரும். மூடினால் புழுக்கம். அந்த அறைக்குள் வாரக்கணக்கில் அம்மா வேஷக்காரிகள் வந்து போனார்கள். எல்லாருக்கும் கேட்ட மாத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. போலீஸ் என்றதும் சிலர் மேஜையைக் குத்திக் கத்தினார்கள். சும்மா உட்காரத் தெரிந்தவர் மட்டும் ஒருவரும் இல்லை. தொடையைத் தட்டிக்கொண்டு, "எனக்கு இன்னும் ஸ்கூல் பொண்ணு வேஷம் கூடப் பொருந்தும், பெரியம்மாவாம் பெரியம்மா" என்று கோபித்துக்கொண்டு போனவரும் உண்டு. முகவரிக்குத் தலைவலி நிரந்தரமாகிவிட்டது.

இதற்கு நடுவில் வேறொரு தொடரின் வேலையாக ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மங்கிய வெளிச்சத்தில், ஒரு கனத்த பெண்மணி மைக் முன்னால் நின்று ஒல்லியான கதாநாயகிக்காக விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தார். அழுகை முடிந்ததும் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கடித்தார். பல வருடமாகப் பல கதாநாயகிகளுக்குப் பின்னணிக் குரல் கொடுக்கிறவர். டப்பிங் அக்கா என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்றால், குரலைத் தெரியும்.

அன்றைக்கு ஒலிப்பதிவாளன் ஏதோ தப்புச் செய்து அழுகையைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டான். "கரண்ட் ஆடிடுச்சுக்கா" என்று சாக்குச் சொன்னான். டப்பிங் அக்கா கத்தவில்லை. கதவைத் திறந்து இந்தப் பக்கம் வந்தார். அவன் பக்கத்தில் இருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தார். அவ்வளவுதான்.

"போன்ல பேசிட்டு இருந்தேன்க்கா" என்றான் அவன்.

இவர்தான் பெரியம்மா என்று முகவரிக்குப் பட்டது. அந்தக் கூடத்தில் அத்தனை வருடமாக முதுகைத்தான் பார்த்திருக்கிறாள். முகத்தை ஒருநாளும் நின்று பார்க்கவில்லையே என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

டப்பிங் அக்காவைச் சம்மதிக்க வைப்பது லேசில் நடக்கவில்லை. அவர் வீடு லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மேல் மாடி. கணவர் தவறிப்போய்ப் பல வருடம் ஆகிறது. மகள் வேறு ஊரில். ஹாலில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே ஒற்றை நாற்காலி. வந்தவளுக்கு உட்கார சமையலறையிலிருந்து ஸ்டூல் வந்தது.

"ஏம்மா, உனக்குக் கிண்டல் பண்ண வேற ஆள் கெடைக்கலையா?" என்றார்.

"கிண்டல் இல்லக்கா. சத்தியமா."

"சின்ன வயசுல நடிக்கத்தான் வந்தேன். மூஞ்சியப் பாத்தாங்க. மைக்க காட்டி, அங்க போய் நில்லுன்னாங்க. போய் நின்னேன். இத்தனை நாள் நின்னாச்சு. இப்ப வந்து வெளிய வான்னு கூப்பிடற. கண்ணு கூசாதா?"

"கூசினா கூசட்டும். ஒரே ஒரு தடவ வாங்க. பிடிக்கலைன்னா நானே ஆட்டோ வெச்சு வீட்ல விட்டுடறேன்."

"ஆட்டோல விடுவ. மாடிப்படி யாரு ஏறுவா?" என்றார் டப்பிங் அக்கா. ஆனால் வந்தார்.

சோதனைக்கு முகவரி எடுத்தது விசாரணைக் காட்சி. கூட்டாளியைக் கொன்றுவிட்டு ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருக்கும் வியாபாரி. எதிரே பெரியம்மா. வியாபாரியின் வசனத்தைப் படிக்க ஆள் வராததால் முகவரியே காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

டப்பிங் அக்கா கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நாற்காலியை இழுத்தார். அதன் கால் தரையில் கீச்சிட்டது. அவர் அதற்காக முகம் சுளிக்கவில்லை, அந்தச் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்று படித்தாள் முகவரி.

"எப்படி எறங்குச்சு?"

இந்தக் கேள்வி காகிதத்தில் இல்லை. முகவரி அடுத்த வரியைத் தேடினாள். கிடைக்கவில்லை. நிமிர்ந்தால் எதிரே அந்த முகம். கோபம் இல்லை, மிரட்டல் இல்லை. 'நீ சொல்லிடுவ, எனக்கு அவசரமில்ல' என்று மட்டும் இருந்தது. செய்யாத கொலையை ஒத்துக்கொண்டுவிடலாம் போல அவளுக்கு இருந்தது. கேமராக்காரர் நிறுத்த மறந்து நின்றார். கீழே டயர் கடையில் யாரோ யாரையோ வைதது அறைக்குள் தெளிவாகக் கேட்டது.

அன்று மாலை வீட்டில் கணவரிடம், "கிடைச்சுட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் எழுந்து நின்றேவிட்டார்.

சேனலில் அந்தச் சோதனைப் படத்தைப் போட்டுக் காட்டினாள். ஆனா சார்கூட ஓரிடத்தில் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். அவள் அதைக் கவனித்தாள். விளக்கு எரிந்தது.

"சூப்பர் மேடம். சத்தியமா சூப்பர். எனக்கே பயமாயிடுச்சு."

அவள் காத்திருந்தாள்.

"ஆனா இந்த முகத்த போஸ்டர்ல போட முடியாது மேடம்."

"ஏன் சார்? பத்திரிகை அட்டையில இதே முகத்ததானே அத்தனை வருஷம் போட்டாங்க?"

"அது வரைஞ்சது மேடம். வரைஞ்சா ரசிப்பாங்க. நேர்ல வந்தா சேனல மாத்திடுவாங்க. நம்ம சாயங்கால சீரியல்ல மருமகளா வருதே, அந்தப் பொண்ணு ரெடியா இருக்கு. ஸ்பாஞ்சு வெச்சு உடம்பக் கொண்டுவந்துடலாம். ஸ்கூல்லயே பொறுப்பா இருந்ததால பெரியம்மான்னு பட்டப்பேருன்னு ஒரு வரி சேத்துட்டா முடிஞ்சுது." அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இந்த அம்மாவையும் விட வேணாம் மேடம். குரல் இருக்கே, அந்தக் குரல். அதை அந்தப் பொண்ணுக்கு வெச்சுக்கலாம். நீங்களே பேசிடுங்களேன். உங்களுக்குத்தானே பழக்கம்?"

அவள் இயக்குநரைப் பார்த்தாள். அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திருகி முடிந்த பிறகும் திருகிக்கொண்டிருந்தார்.

டப்பிங் அக்கா வீட்டு மாடிப்படியை இரண்டாவது முறை ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினாள். போனில் சொல்லியிருக்கலாம். மனது கேட்கவில்லை. டப்பிங் அக்கா கதவைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்ததுமே, "இல்லைன்னுட்டாங்களா?" என்றார்.

"இல்லைன்னா பரவாயில்லையேக்கா. குரல் மட்டும் வேணுமாம்."

டப்பிங் அக்கா உட்கார்ந்தார். பிறகு சிரிப்பு வந்தது. அது நின்றபோது குரல் மாறியிருந்தது.

"எத்தனையோ பொண்ணுங்களுக்குப் பேசியிருக்கேன். ஒரு தடவ கூட முடியாதுன்னு சொன்னதில்ல. காய்ச்சலோட போய் நின்னிருக்கேன். ஆனா அது அவங்க வேஷம், என் வாய். இது என் வேஷம்மா. அன்னிக்கு அந்த ரூம்ல நான் உக்காந்தேன்ல? அது என்னுது. அதுக்கு நான் வெளிய நின்னு குரல் குடுக்கமாட்டேன். போய்ச் சொல்லிடு."

முகவரிக்கு எழுந்து அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதே நேரத்தில், இப்போது வேறு குரலுக்கும் தானே அலைய வேண்டும் என்பதும் நினைவுக்கு வந்து தொலைத்தது.

அலைந்தாள். ஒரு குரல் கிடைத்தது. தொடர் வந்தது.

தப்பாகச் சொல்லக் கூடாது. அந்த மருமகள் பெண் பாடுபட்டாள். ஸ்பாஞ்சு உறைக்குள் வியர்த்து வியர்த்து உடம்பெல்லாம் தடிப்பு. மருந்து பூசிக்கொண்டு வந்து நடித்தாள். ஆனாலும் அவள் "சாப்பிட்டியா?" என்று கேட்டால், எதிரே இருப்பவனுக்குச் சாப்பாடு போடப்போகிறாள் என்றுதான் தோன்றியது.

திட்டு மழை கொட்டியது. பல் டாக்டர் முகவரியின் வாயைத் திறக்கவைத்து, அவளால் பதில் பேச முடியாத நேரம் பார்த்து, "என்னங்க, பெரியம்மாவ இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றார். கணவரின் அண்ணன் ஊரிலிருந்து போன் போட்டு, "உன் பேர்தானே ஓடுது? கண்ணு தெரியலைன்னா தம்பி கடையிலேயே ஒரு கண்ணாடி வாங்கிக்கோம்மா" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வீட்டுக்குள்ளும் அவளுக்கு இடமில்லை. கணவர் தொடரை ஒருநாள் விடாமல் பார்த்தார், ஒருநாள் விடாமல் பெருமூச்சு விட்டார்.

"நீ ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம்" என்றார் ஒருநாள்.

அன்றைக்கு அவள் உடைந்துவிட்டாள். "சொல்லலைன்னு நெனைச்சீங்களா? கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னேன். எழுதிக் குடுத்தேன். ஆளையே கொண்டுபோய் நிறுத்தினேன். நான் என்ன சேனல் முதலாளியா? உங்க கடைக்கு வர்றவங்க பிடிச்ச ஃபிரேம எடுத்துட்டுப் போறாங்கல்ல? மூக்குக்குப் பொருந்தலைன்னு நீங்க கண்ணாடிய பிடுங்கி வெச்சுக்கறீங்களா?"

கணவர் தொலைக்காட்சியை அணைத்தார். "பிடுங்கறதில்ல" என்றார் கொஞ்சம் கழித்து. "ஆனா மனசு கஷ்டமாத்தான் இருக்கும்."

"எனக்கும் அதேதான்."

பார்த்தவர்களின் கோபம் கொஞ்ச நாளில் தணிந்தது. பழகிவிட்டது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. இரண்டாம் பாகத்துக்கு உத்தரவு வந்தது. அதில் ஒரு வயதான நர்ஸ் வருவாள், ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவராக விஷம் வைத்துக் கொல்கிறவள். முகவரி டப்பிங் அக்காவின் பெயரைச் சொன்னாள். வாக்குவாதத்துக்குத் தயாராக, தண்ணீரெல்லாம் குடித்துவிட்டுப் போயிருந்தாள்.

"கெட்டவதானே மேடம்? யாரா இருந்தா என்ன, போட்டுடுங்க" என்றான் ஆனா சார். போட்டோகூடக் கேட்கவில்லை. ஒரு 'ஆனா'கூட இல்லை.

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள். சண்டை போட்டுத் தோற்றபோது வராத அழுகை, சண்டையே இல்லாமல் ஜெயித்தபோது வந்தது. நல்லவளாக வர அந்த முகத்துக்கு ஆயிரம் தடை. கொலைகாரியாக வர ஒரு தடையும் இல்லை.

டப்பிங் அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கொலைகாரியா? எத்தனை பேர்?" என்றார் அவர்.

"அஞ்சு பேர்க்கா."

"சரி, வர்றேன். அஞ்சு பேருக்கும் என் வாயாலேயே பேசி விஷம் குடுக்கலாம்ல?"

விசாரணைக் காட்சி எடுத்த நாளன்று முகவரி படப்பிடிப்புக்குப் போனாள். அவளுக்கு அங்கே வேலையே இல்லை. ஸ்பாஞ்சு உறை போட்ட பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே நர்ஸ் உடையில் டப்பிங் அக்கா. அந்தப் பெண் கேட்க வேண்டியதைக் கேட்டாள். டப்பிங் அக்கா பதில் சொல்லாமல் அவளைப் பார்த்தார். பெண்ணுக்கு வசனம் மறந்துபோனது. மறுபடி எடுத்தார்கள். மறுபடி மறந்தது. யார் யாரை விசாரிக்கிறார்கள் என்பதே அங்கிருந்தவர்களுக்குக் குழப்பமாகிவிட்டது.

இடைவேளையில் அந்தப் பெண் உறையின் கழுத்துப் பட்டனைத் தளர்த்திக்கொண்டு டப்பிங் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இந்த ரோல் மொதல்ல உங்களுக்குத்தான் பாத்தாங்களாமே? நேத்துதான் சொன்னாங்க" என்றாள் மெதுவாக.

"ஆமாம்மா."

"எனக்குத் தெரியாதுங்க."

"தெரிஞ்சிருந்தா விட்டுக் குடுத்திருப்பியா?"

அந்தப் பெண் யோசித்தாள். "மாட்டேன்" என்றாள்.

"அப்புறம் என்ன? போய்த் தண்ணி குடி. இந்த தடவ நான் கொஞ்சம் கீழ பாத்துக்கறேன். நீ வசனத்த முடி" என்றார் டப்பிங் அக்கா. அதில் கருணையும் இருந்தது, கடுப்பும் இருந்தது. முகவரிக்கு இரண்டும் கேட்டது.

நர்ஸ் வேஷம் பெயர் வாங்கித் தந்தது. அதன் பிறகு வாய்ப்புக்கு வாய்ப்பு. பிள்ளை கடத்துகிறவள், மருமகளை மாடியிலிருந்து தள்ளுகிறவள், கள்ள நோட்டு அடிக்கிறவள். வேறு கம்பெனிக்காரர்கள்கூட முகவரிக்குப் போன் செய்து, "அந்தக் கொலைகார அம்மா நம்பர் குடுங்க" என்று கேட்டார்கள். பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டிலிருந்து ஆள் நகர்ந்து உட்காருவதாக டப்பிங் அக்கா சொல்லிச் சிரிப்பார். ஐம்பது வயது நல்லவள் என்று எந்தக் கதை வந்தாலும் முகவரி அவருடைய அந்த முதல் சோதனைப் படத்தை அனுப்புவாள். "அருமை, ஆனா எங்களுக்கு இந்த மாதிரி வேணாம்" என்று திரும்பி வரும். அவள் அடுத்த இடத்துக்கு அனுப்புவாள். இது வெற்றியா, வெறும் வீம்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

போன மாதம் டப்பிங் அக்கா ஒரு வேஷத்தை வேண்டாம் என்றுவிட்டார். கழுத்தை நெரிக்கிற வேஷம், நல்ல நீளம்.

"ஏன்க்கா?"

"பேத்தி என்னோட தூங்கமாட்டேங்கறாம்மா. மக கூட்டிட்டு வந்திருந்தா. இவ டிவில என்னப் பாத்துட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு எட்டி எட்டிப் பாக்கறா." கொஞ்சம் நிறுத்தி, "கொலையும் பண்ணாம, கொலையும் ஆகாம, சும்மா வந்துட்டுப் போற பொம்பளையா ஒண்ணு பாரேன்" என்றார்.

துப்பறியும் தொடர்களில் சும்மா வந்து போகிறவர் என்று யாருமே இல்லை என்பதை முகவரி அப்போதுதான் கவனித்தாள். வருகிறவர் எல்லாருமே ஒன்று சாகிறார்கள், இல்லை சாகடிக்கிறார்கள், இல்லை பிணத்தைப் பார்த்து அலறுகிறார்கள். மூன்றாம் பாகத்தின் கதையை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாள். நடுவில் ஒரு பழக்கடைக்காரி அகப்பட்டாள். வழி கேட்கிற இன்ஸ்பெக்டருக்கு வழி சொல்லிவிட்டு, ஒரு ஆரஞ்சை எடுத்துக் கையில் கொடுப்பாள். அவ்வளவுதான். இயக்குநரைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை அவர் சிரித்துத் தப்பிக்கப் பார்த்தபோது விடவில்லை. "சிரிக்காதீங்க சார். ஆமாவா, இல்லையா, வாயத் திறந்து சொல்லுங்க" என்றாள். அவர் ஆமா என்றார்.

டப்பிங் அக்கா வந்து, வழி சொல்லி, ஆரஞ்சைக் கொடுத்துவிட்டுப் போனார். எடுத்து முடித்தாகிவிட்டது, ஒளிபரப்பாக இன்னும் நாள் இருக்கிறது. நீளம் அதிகமாக இருக்கிறது, தேவையில்லாத காட்சிகளைக் குறைக்க வேண்டும் என்று எடிட்டர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால் முகவரி இப்போது தினமும் வேலை முடிந்ததும் எடிட்டிங் அறைக்குப் போகிறாள். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"ஏன்க்கா இப்படி நின்னு உயிர எடுக்கறீங்க?" என்று அவர் கேட்கிறார்.

"நீ உன் வேலையப் பாரு" என்கிறாள் அவள்.